காருக்குப் போகாத இரும்பு

வாணியம்பாடியில் நஸீர் பாயின் டேனரிக்குள் நான் காலெடுத்து வைத்ததும் ‘டமார்’ என்று ஒரு சத்தம். கையிலிருந்த பை நழுவி விழுந்தது. பைக்குள் இருந்த இரும்புத் துண்டுகள் சிமென்ட் தரையில் மோதி இன்னொரு சத்தம் போட்டன.

“பந்த் கர்! பந்த் கர்!”

“டேய், சுவிட்ச்ச அணைடா!”

பாதி உருதுவிலும் பாதி தமிழிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். யாரோ ஓடிப்போய் மெயினை இழுத்து அணைத்தார்.

எனக்கு எதிரே ஒரு மர டிரம். தோல் பதனிடுகிற டிரம்மைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு சின்ன அறையை உருளையாக்கிச் சுற்ற விட்டால் எப்படி இருக்கும், அவ்வளவு பெரிசு. அது முனகிக்கொண்டே வேகம் குறைந்து நின்றது. பலகை இடுக்குகளிலிருந்து பதனிடும் மருந்து கலந்த நீலத் தண்ணீர் பீய்ச்சியடித்தது. அன்றைக்கென்று நான் கட்டிக்கொண்டு போன மஞ்சள் புடவையில் முழங்கால் வரை நீலப் புள்ளிகள்.

சட்டைக் கையை மடித்து விட்டபடி ஒருவர் ஓடிவந்தார். டேனரியின் முதலாளி நஸீர் பாய் அவர்தான். நான் யார் என்றுகூடக் கேட்கவில்லை.

“உள்ள ஃபுல் லோடு தோலு கெடக்குதும்மா. இன்னிக்கிதான் இது ஒடையணுமா?”

டிரம்மின் பலகைகளைச் சுற்றிலும் பட்டைகள் பிடித்திருக்கும். ஒவ்வொரு பட்டையின் இரண்டு முனைகளும் சந்திக்கிற இடத்தில் இரண்டு காதுகள். காதுகளுக்குள் நீளமான போல்ட்டை விட்டு முறுக்கினால் பட்டை இறுகும், பலகைகள் ஒன்றோடொன்று நெருங்கும், தண்ணீர் கசியாது. அன்றைக்குப் போனது அந்தக் காதுகளில் ஒன்று. காது உடைந்ததும் பட்டை தளர்ந்து, பலகை விலகிவிட்டது.

உடைந்த பாதி என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து கிடந்தது. குனிந்து எடுத்தேன். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில், கற்கண்டை உடைத்த மாதிரி மினுமினுத்தது. வார்ப்பிரும்பு.

சுற்றியிருந்த எல்லோர் முகமும் வெளிறியிருந்தது. என் நெஞ்சு மட்டும் வேறு காரணத்துக்காக அடித்துக்கொண்டது. எத்தனையோ வாரமாக நான் தேடி அலைந்தது என் உள்ளங்கையில் கிடந்தது.

தோலிலிருந்து இரும்புக்கு

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் நான் இருந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, “ஷூவுக்குத் தோல் வெட்டினவங்க இரும்பு விக்கப் போனது எப்படி?” என்று கேட்டிருக்கிறார்.

பெரிய கதை ஒன்றும் இல்லை. கல்யாணமாகி வேலூருக்கு வந்தேன். வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் ஒரு ஃபோர்ஜிங் பட்டறை. ஆபீஸ் வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். போய்ச் சேர்ந்துவிட்டேன்.

முதல் நாள் ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தேன். பின்னால் பட்டறைக்குள் ராட்சதச் சம்மட்டி மாதிரி ஹேமர் மெஷின் இறங்கியது. டப்பாவின் மூடி எகிறித் தரையில் உருண்டது. “பழகிடும் மேடம்” என்று வாசலில் நின்று சிரித்தார் ஏழுமலை. ஹேமரை ஓட்டுகிறவர் அவர். என் வயதுதான் இருக்கும். சினிமா, அரசியல், மாமியார் என்று எதைப் பற்றியும் நிறுத்தாமல் பேசுவார். ஹேமர் பக்கத்தில் நின்று நின்று குரலே சத்தமாகிவிட்டது.

ஃபோர்ஜிங் என்றால் என்ன என்று எனக்குப் புரிய வைத்தவர் முதலாளி குணசேகரன் சார். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றினால் அது வார்ப்பு, அதாவது காஸ்டிங். ஊற்றாமல், பழுக்கக் காய்ச்சி அச்சுக்கு நடுவே வைத்து ஹேமரால் அடித்து உருவம் கொண்டுவந்தால் அது ஃபோர்ஜிங். “அடிக்கும்போது இரும்புக்குள்ள இருக்கற நாரு உருவத்தோட சேர்ந்து வளைஞ்சு ஓடும். ஊத்தினா அது இருக்காது. அதான் வித்தியாசம்” என்றார்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஷூவுக்குத் தோல் வெட்டும்போதும் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, தோல் எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று விரலால் இழுத்துப் பார்த்துத்தான் கத்தி அச்சை வைப்போம். திசை தப்பினால் அந்த ஷூ கொஞ்ச நாளில் வாயைப் பிளந்துவிடும். தோலுக்குச் சரி, இரும்புக்குமா என்று அன்றைக்கு எனக்கு ஒரே ஆச்சரியம்.

“காஸ்டிங்கே போதும்மா”

எங்கள் பட்டறை அடித்தது எல்லாமே கார் இன்ஜினுக்குள் போகிற ஒரே ஒரு பாகம். வருஷக்கணக்காக அது மட்டும்தான். பிறகு கரண்ட்டில் ஓடுகிற கார் வந்தது. அந்தக் காருக்குள் எங்கள் பாகத்துக்கு வேலையே இல்லை. ஆர்டர் முதலில் கம்மியானது, அப்புறம் மாதம் விட்டு மாதம் என்றானது, கடைசியில் நின்றே போனது.

ஒரு நாள் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து ஹேமரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். விற்கப் போகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ஏழுமலை சாயங்காலம் வரை வாயே திறக்கவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

நேராக குணசேகரன் சார் அறைக்குப் போனேன்.

“சார், கார் இல்லாட்டி வேற எதுவுமே அடிக்க முடியாதா?”

“வேற எதும்மா?”

“தெரியல சார். தேடிப் பாக்கறேன். தீபாவளி வரைக்கும் ஹேமர விக்காதீங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நம்பிக்கையோடு பார்த்தார் என்று சொல்ல மாட்டேன். “சரி, போய்ப் பாரு” என்றார்.

அதற்குப் பிறகு என் கண்ணே மாறிப்போனது. ரயிலுக்குக் காத்திருந்தால், தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடித்திருக்கும் கம்பி வளையத்தைப் பார்ப்பேன். வயலில் டிராக்டர் ஓடினால் கலப்பையை மாட்டுகிற கொக்கியைப் பார்ப்பேன். போர் போடுகிற லாரி, கட்டடத்தில் செங்கல் ஏற்றுகிற சங்கிலி, ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்தவரின் காலைத் தூக்கிக் கட்டியிருக்கும் மாட்டி என்று எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: இது வார்த்ததா, அடித்ததா? என் வீட்டுக்காரர் ஒரு தடவை, “கோயிலுக்கு வந்தும் கதவு நாதாங்கியையே பாக்கறியே” என்று சிரித்தார்.

பார்ப்பது சுலபம். விற்பது அப்படி இல்லை. ஒரு பை நிறைய மாதிரித் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஏறி இறங்கினேன். விவசாயக் கருவி செய்கிறவர் டீ கொடுத்து அனுப்பினார். பம்பு செய்கிறவர், “காஸ்டிங்கே போதும்மா, எங்களுக்கு இவ்ளோ கெட்டி எதுக்கு?” என்றார். ஒருவர் என் துண்டைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, “பேப்பர் மேல வெக்க நல்லாயிருக்கும்” என்றார்.

தோல்காரர்களிடம் மட்டும் நான் போகவே இல்லை. தோல் உலகத்தில் தையலும் பசையும்தானே, அங்கே இரும்புக்கு என்ன வேலை என்று நினைத்துவிட்டேன். அங்கிருந்தே வந்தவள் நான்! பழைய ஷூ கம்பெனித் தோழி ஒருத்திதான், “டேனரியில எதுனா ஒண்ணு ஒடைஞ்சுக்கினே இருக்கும், நஸீர் பாய போய்ப் பாரு” என்று அனுப்பினாள்.

ஒரு காதுக்காக ஒரு ஃபர்னஸ்

இனி அந்த டிரம்முக்கு வருகிறேன்.

நஸீர் பாயின் ஆட்கள் சங்கிலியைச் சுற்றி, கப்பி போட்டு இழுத்துப் பட்டையைத் தற்காலிகமாக இறுக்கினார்கள். மெதுவாகச் சுற்றினால் மறுநாள் வரை தாங்கும் என்றார்கள். அதற்கு மேல் தோல் திட்டுத் திட்டாகிப் போய்விடும்.

“புதுக் காது வர நாலஞ்சு நாளாவும். பேஜாரா பூடுச்சு” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

“நாளைக்குக் காலையில நான் கொண்டாந்து தர்றேன் பாய்” என்றேன்.

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீங்க யாரும்மா?”

பையைத் திறந்து காட்டினேன். அவர் துண்டுகளைப் பார்த்தார், என் புடவையைப் பார்த்தார். “கார் சாமான் செய்றவங்களா? நம்மகிட்ட இருக்கறது மாட்டுத் தோலும்மா.”

“உடையற எடம் எல்லாம் ஒண்ணுதான் பாய்.”

உடையாமல் மிச்சமிருந்த இன்னொரு காதை மாதிரிக்குக் கழற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். ஆம்பூரைத் தாண்டும்போது ஏழுமலைக்குப் போன் பண்ணினேன். எனக்குக் காது வலிக்கிற மாதிரி கத்தினார்: “வாங்க மேடம், வாங்க! நான் எல்லாத்தையும் எடுத்து வெக்கறேன்!”

குணசேகரன் சார் தயங்கினார். “ஒரே ஒரு காதுக்கு ஃபர்னஸ் பத்த வெக்கணுமா?”

“ஹேமர் ஓடி எவ்ளோ நாளாச்சு சார்” என்றார் ஏழுமலை. “அதுவும் துருப் புடிச்சுதான போவப் போவுது. ஓடட்டும் சார்.”

அச்சு இல்லை. ஹேமரின் தட்டையான சாதா முகத்தை வைத்துத் திருப்பித் திருப்பி அடித்துத்தான் உருவம் கொண்டுவர வேண்டும். ஏழுமலை இடுக்கியில் பிடித்திருந்த கம்பி ஆரஞ்சு நிறமாகப் பழுத்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் பொறி பறந்தது. பட்டறை முழுக்கச் சுட்ட இரும்பின் வாசனை. குணசேகரன் சார் தன் அறையிலிருந்து மெல்ல எழுந்து வந்தார். கொஞ்ச நேரம் கை கட்டி நின்றார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, “இப்படித் திருப்புடா” என்று உள்ளே இறங்கிவிட்டார். துளை போட்டு, ஓரம் தேய்த்து முடித்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

மறுநாள் காலையில் காது மாட்டியாகிவிட்டது. போல்ட்டை முறுக்க முறுக்க, பலகை இடுக்கில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் மெலிந்து, நூலாகி, நின்றது. டிரம் முழு வேகத்தில் சுற்ற ஆரம்பித்ததும் நஸீர் பாய் என் பக்கம் திரும்பினார்.

“எல்லா டிரம்முக்கும் போட்டுக் குடுங்க.”

உடையவில்லை, கரைந்தது

அச்சு செய்தோம். கார் பாகத்துக்கு வாங்கி வைத்திருந்த நல்ல இரும்பே கிடந்தது. பழைய காது தடிமனாக இருந்தது. எங்களுக்குக் கொஞ்சம் பெருமை. அடித்த இரும்புக்கு அவ்வளவு தடிமன் எதற்கு என்று ஒல்லியாக, அழகாக அடித்தோம். கையில் எடுத்துப் பார்த்தால் நகை மாதிரி இருந்தது.

மழைக்காலம் ஆரம்பித்த சமயம், நஸீர் பாயிடமிருந்து போன்.

“ஒங்க காது ஒண்ணுகூட ஒடையலம்மா.”

“ரொம்ப சந்தோஷம் பாய்.”

“சந்தோஷப்படாதீங்க. கரையுது.”

ஓடினேன். அவர் ஒரு காதைக் கழற்றி என் கையில் வைத்தார். ஓரமெல்லாம் எறும்பு தின்ற வெல்லம் மாதிரி அரித்துப்போயிருந்தது. உப்பும் அமிலமும் நாள் முழுக்கச் சொட்டுகிற இடம் அது. பழைய வார்ப்புக் காதையும் அது அரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தடிமனாக இருந்ததால் வெளியே தெரியவில்லை. எங்கள் அழகான ஒல்லிக் காதுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

செய்தி அதற்குள் வாணியம்பாடி முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்து டேனரி உஸ்மான் பாய், நஸீர் பாயின் தோஸ்த், வேறு யாரோடோ பேசுகிற மாதிரி எனக்குக் கேட்கும்படி சொன்னார்: “காரு இரும்பு மழையில நனையும், அவ்ளோதான். தோலு தண்ணிக்குத் தாங்குமா அது?”

அரித்த காதைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கிளம்பும்போது நஸீர் பாய்தான் வாசல் வரை வந்தார். “பட்டைய பாத்தீங்களா? எத்தினி வருஷமா அதே தண்ணியிலதான் கெடக்குது. ஒண்ணும் ஆவல. ஏன்னா அது எவர்சில்வரு. காதையும் எவர்சில்வர்லயே அடிச்சுப் பாருங்களேன்.”

பிடிவாதக்கார எவர்சில்வர்

எவர்சில்வர் கம்பியை நாங்கள் அதுவரை அடித்ததே இல்லை. சாதாரண இரும்பு பழுக்கிற சூட்டில் அது அசையவே மாட்டேன் என்றது. சூட்டை ஏற்றினோம். இளகியது, ஆனால் அச்சைக் கவ்விப் பிடித்துக்கொண்டு வெளியே வரவில்லை. இன்னொரு தடவை ஆறவிட்டு அடித்துவிட்டோம். வளைவில் மயிரிழைக்கு விரிசல் விட்டது.

“இது மாமியாரவிட மோசம் மேடம்” என்றார் ஏழுமலை, முகத்தைத் துடைத்துக்கொண்டே.

தீபாவளி நெருங்கிவிட்டது. அந்த வெளியூர்க்காரர் இரண்டு தடவை போன் செய்திருந்தார். குணசேகரன் சார் முடிவாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தினமும் காலையில் எங்களுக்கு முன்னால் வந்து ஃபர்னஸ் பக்கத்தில் நின்றார். எந்தச் சூட்டில் எடுப்பது, எப்போது நிறுத்துவது, அச்சுக்கு என்ன பூசுவது என்று அவரும் ஏழுமலையும் சண்டை போட்டுக்கொண்டார்கள். நான் நடுவில் நின்று இருவருக்கும் மோர் கொடுத்தேன்.

ஒரு மத்தியான வேளையில் ஹேமர் இறங்கியது. அச்சைத் திறந்ததும் காது தானாக உருண்டு வெளியே விழுந்தது. ஆறும் வரை மூன்று பேரும் அதைச் சுற்றிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தோம். விரிசல் இல்லை. சார் அதைத் தரையில் தட்டினார். மணி மாதிரி ஒரு ஓசை. ஏழுமலை விசில் அடித்தார்.

சம்மட்டி

முதலில் அடித்த சிலவற்றை நஸீர் பாயிடம் கொடுத்தேன். அவற்றை டிரம்மில் மாட்டவில்லை. கழிவுத் தண்ணீர் தொட்டியில், இருப்பதிலேயே அதிகமாக அரிக்கிற தண்ணீரில் போட்டு ஊற வைத்தார். பக்கத்திலேயே ஒரு வார்ப்புக் காதையும் போட்டார். தீபாவளியும் வந்து போனது; ஹேமரை விற்பதை சார் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வருகிற நேரத்துக்கு என்னை வரச் சொன்னார்.

போனால் முற்றத்தில் ஏழெட்டு டேனரி முதலாளிகள் நிற்கிறார்கள். முன்வரிசையில் உஸ்மான் பாய்.

தொட்டியிலிருந்து எங்கள் காது ஒன்றையும் வார்ப்புக் காதையும் எடுத்துத் துணியால் துடைத்தார்கள். வார்ப்புக் காதிலிருந்து துணியில் காவிச் சாந்து ஒட்டியது. எங்களுடையது அப்படியே பளிச்சென்று இருந்தது.

“பாக்க நல்லாத்தான் இருக்குது” என்றார் உஸ்மான் பாய். “பலம்?”

நஸீர் பாய் ஒரு பழைய தண்டவாளத் துண்டின் மேல் வார்ப்புக் காதை வைத்து, சம்மட்டியை எடுத்து உஸ்மான் பாய் கையிலேயே கொடுத்தார்.

ஒரே அடி. காது இரண்டாகிப் பறந்தது. ஒரு பாதி தகரக் கதவில் போய் மோதியது. கூட்டம் பின்வாங்கியது.

அடுத்து எங்கள் காது. பட்டறையில் நாங்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து பார்த்த துண்டு, இத்தனை பேர் நடுவில் தனியாகக் கிடந்தது.

உஸ்மான் பாய் ஓங்கி அடித்தார். சம்மட்டி எகிறித் திரும்பியது. மறுபடி அடித்தார். மறுபடி. தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை இழுத்து விட்டு அடித்தார். காது கொஞ்சமாகக் குனிந்தது. அவ்வளவுதான்.

“யா அல்லா, என் கையி போச்சு!” என்று சம்மட்டியைப் போட்டுவிட்டு அவரே முதலில் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

“நானும் ஒரு அடி அடிச்சுப் பாக்கட்டுமா பாய்?” என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சம்மட்டியைத் தூக்கினேன். நான் நினைத்ததைவிடக் கனம். இறக்கினேன். கையிலிருந்து தோள் வரை ஜிவ்வென்று ஏறியது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அது கை வலியால் வந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மேஜை மேல் ஒரு குவியல்

அதற்கு அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை.

உஸ்மான் பாய் தன் டேனரிக்கு ஆள் அனுப்பி ஏதோ எடுத்து வரச் சொன்னார். ஈரத் தோலைத் தூக்குகிற கொக்கி, வாய் விரிந்துபோனது. “இது மாதிரி ஒண்ணு முடியுமா?” என்றார். அதைப் பார்த்த இன்னொருவர் தன் வண்டியிலிருந்து ஒரு சங்கிலிக் கண்ணியைக் கொண்டுவந்தார். பற்கள் தேய்ந்த ஒரு கவ்வி, கழுத்து முறிந்த ஒரு கைப்பிடி என்று ஆளுக்கொன்றாக வந்து சேர்ந்தது. இத்தனை வருஷமாக உடைவதும், மாற்றுவதும், மறுபடி உடைவதும்தான் இரும்பின் குணம் என்று அவர்கள் பழகிவிட்டார்கள் போல. நான் துப்பட்டா ஒன்றைக் கடன் வாங்கி எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டினேன். பஸ்ஸில் ஏற்ற முடியாத கனம். நஸீர் பாயே தன் காரில் வேலூர் வரை அனுப்பி வைத்தார்.

பட்டறையில் குணசேகரன் சாரின் மேஜை மேல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினேன். ஏழுமலை கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். சார் ஒவ்வொன்றாக எடுத்து, முறிந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சாக்கட்டியை எடுத்துக்கொண்டு தரையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்து, கொக்கியின் வளைவை வரைய ஆரம்பித்தார்.

போன் அடித்தது. நான் எடுத்துப் பெயரைப் பார்த்தேன். ஹேமரைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த வெளியூர்க்காரர். ஸ்பீக்கரில் போட்டு சாரிடம் நீட்டினேன்.

“என்ன சார், முடிவு பண்ணிட்டீங்களா?”

“மன்னிச்சுக்கோங்க. ஹேமர் வேலையில இருக்குது” என்றார் சார். போன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாக்கட்டி வளைவில் பாதி வந்திருந்தது.

நான் போனை அணைத்தேன். ஏழுமலை அதற்குள் பின்பக்கம் ஓடிவிட்டார். ஃபர்னஸ் ஊதுகிற சத்தம் கேட்டது.

“ஜெயந்தி” என்று கூப்பிட்டார் சார், தரையிலிருந்து தலையைத் தூக்காமலே. “இந்தக் கொக்கி எவ்ளோ எடை தூக்கணும்னு கேட்டியா?”

கேட்கவில்லை. உடனே உஸ்மான் பாய்க்குப் போன் போட்டேன்.